தூங்கும்போது எடுத்த அளவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிவிட்டது. உடனே எழுத முடியாமல் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது 27 வாரத்தில் பிறந்த ஒரு சின்னஞ்சிறு உயிர். மூன்று வாரமாகியும் அதற்கு வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு விட முடியவில்லை. கடைசியில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் குழாயை எடுத்துவிட்டோம். அந்த மெல்லிய அழுகையை முதன்முதலாகக் கேட்ட தாய், என் கையைப் பற்றியவள் விடவேயில்லை.

அன்று மாலையே இரத்த அழுத்தம் ஏறியது. மேல் அளவு 92. உடன் இருந்த இளம் செவிலி பதறிவிட்டாள். போய்ப் பார்த்தால் அழுத்தம் அளக்கக் கையில் கட்டிய பட்டை சிறியது, குழந்தையும் அழுதுகொண்டிருக்கிறது. பட்டையின் அகலம் கைச் சுற்றளவில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நீதானே? மாற்றிக் கட்டி, தூங்கும்வரை காத்திருந்து மூன்று முறை எடுத்தோம். 85, 84, 86. அந்தப் பருவத்துக் குழந்தைக்கு 80-ஐத் தாண்டினாலே அதிகம். ஏறியது உண்மைதான்.

நுரையீரலின் அழற்சியைத் தணிக்கும் அதே மருந்து இரத்தக் குழாய்களை இறுகவும் செய்கிறது. இதயச் சுவர் தடிக்கக்கூடும் என்பதால் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தார்கள். தொப்புள் தமனியில் முன்பு குழாய் இருந்ததால், இரத்தம் உறைந்து சிறுநீரகத் தமனியை அடைத்திருக்குமோ என்று சிறுநீரகங்களையும் ஸ்கேன் செய்தார்கள். எல்லாப் பழியையும் ஸ்டீராய்டின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டிலும் குறையில்லை.

நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளைக்கே கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 42 நாள் வரைகூடக் கொடுப்பார்களே! முதல் வாரத்திலேயே இந்த மருந்தைப் பெற்ற குழந்தைகளிடம் மூளை முடக்குவாதம் கூடுதலாக இருந்தது என்று பின்னால் தெரிந்தபோது, நாம் ஊசி போட்ட முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2002-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் சொன்னது. இந்தக் குழந்தைக்கு 10 நாளில் மொத்தமே கிலோவுக்கு 0.89 மில்லிகிராம்தான். அப்படியிருந்தும் அழுத்தம் ஏறியதே என்பதுதான் என்னை அந்த இன்குபேட்டர் அருகிலேயே நிறுத்தி வைத்தது.

மருந்து நின்று இன்று ஆறாம் நாள். அழுத்தத்தைக் குறைக்கத் தனி மருந்து தேவைப்படவில்லை. இன்று காலை தூக்கத்தில் எடுத்தேன்: 68.

உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

என்றும் உன் அன்புத் தோழி