என் நாவலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. 1942-இல் பர்மாவின் ரங்கூனிலிருந்து தப்பி வந்து, சென்னை வியாசர்பாடியில் ஒண்டிக்கொண்ட மூன்று பெண்களின் கதை. மூவரும் கற்பனைதான். ஆனால் அவர்களுடைய அடுப்பும் சண்டையும் பலரிடம் கேட்டு வாங்கியவை. வாங்கியதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் உறவுமுறையிலேயே எழுதுகிறேன். யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஆயா. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானின் முதல் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பிப்ரவரியில் அம்மாவோடு கிளம்பி, ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலையேறி, சிட்டகாங் வழியாக வந்து சேர்ந்தவர். என் முதல் பிரதியில் முக்கால்வாசி அந்த நடைதான்: காலரா, தண்ணீர் இல்லாத மலை, வழியில் விட்டுவந்த பிணங்கள். நாலு மத்தியானம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றபடி கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"நடந்ததையே எழுதிக்கினு கீறியே கண்ணு. நடந்தது மூணு மாசம். இங்க வந்து எங்கம்மா அறுபது வருஷம் இருந்துது. அத்த எப்ப எழுதப் போற?"

மறைக்காமல் சொல்கிறேன், கோபம் வந்தது. ரெண்டு வருட உழைப்பு. ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இப்போது நாவலில் அறுபதாம் பக்கத்தோடு நடை முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க ஆயாவின் அம்மா மாதிரிப் பெண்கள்தான். கணவன் என்ன ஆனான் என்றே தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஊரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க, விடியுமுன் பின்னி மில் வாசலில் வடைச்சட்டி வைத்தவர்கள். உள்ளே பட்டாளத்துக்குக் காக்கித்துணி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அரிசிக்குத் தட்டுப்பாடு. பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிருந்தது. அரிசி விளைந்த ஊரிலிருந்து வந்தவள் இங்கே அரிசிக்கு வரிசையில் நிற்கிறாள் என்பதை ஆயா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்னொன்றும் அவர் தந்ததுதான். ரங்கூனில் பெண்கள் தனாக்கா பட்டையை உரசிக் கன்னத்தில் பூசுவார்கள். இங்கே பட்டைக்கு எங்கே போவது? அவர் அம்மா ஒரு சந்தனக்கல் வாங்கி, சந்தனத்தை உரசி, அதே மாதிரி ரெண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிக்கொண்டுதான் வடை விற்கப் போவாராம். தெரு சிரித்திருக்கிறது. அந்தக் கல் இன்னும் இருக்கிறது, நடுவில் குழி விழுந்து. ஆயா அதில் உரசி என் கன்னத்திலும் பூசிவிட்டார். முதலில் ஜில்லென்று இருந்தது. அப்புறம் காயக் காயத் தோல் இழுத்துப் பிடித்தது. சிரித்தால் வெடித்தது. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ராயபுரத்துச் சரித்திர வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. மே மாதம் சென்ட்ரலில் இறங்கும் என் கதாநாயகி, பக்கத்து மிருகக்காட்சி சாலையில் சிங்கம் கர்ஜிப்பதைக் கேட்டுப் பயப்படுவதாக எழுதியிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. "அந்தச் சிங்கத்தை ஏப்ரல்லயே சுட்டுட்டாங்கம்மா" என்றார். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் மெட்ராஸ் காலியாகத் தொடங்கியது. கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று பயந்து புலி, சிங்கங்களைச் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். போருக்குத் தப்பி வந்தவள், போருக்குப் பயந்து ஊரே ஓடிக்கொண்டிருந்த நகரத்தில் வந்து இறங்குகிறாள். சிங்கம் போனது. அதைவிட நல்ல காட்சி கிடைத்தது.

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை அக்கா, உங்களிடம் வாங்கிய திட்டுக்கும் நன்றி. 1942-இல் வந்தவள் அத்தோ விற்பதாக எழுதினேன். "அவங்க நடந்து வந்தவங்க, நாங்க கப்பல்ல வந்தவங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத" என்று கரண்டியோடு வந்தீர்கள். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளை அரசுடைமையாக்கி, நோட்டுகளைச் செல்லாதாக்கிய பிறகு வந்தவர்கள் வேறு தலைமுறை. அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். வாழைத்தண்டு சூப்புக்கு நீங்கள் காசு வாங்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்பு எடுத்துக் கொடுத்தவர்களுக்கும், கன்னிமாரா நூலகத்துக்கும் நன்றி.

இஸ்திரி அண்ணனை விட்டுவிட முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். குறிப்பு நோட்டுகள் ஏழும் ஊறிவிட்டன. வெயிலில் வைத்தால் தாள் அப்பளமாகிவிடும் என்று சொல்லி, பழைய வேட்டியை மேலே போட்டு, கரிப்பெட்டியைச் சூடு தணிந்த பிறகு எடுத்து, ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் கொடுத்தார். மூன்று ராத்திரி. நாலாவது நோட்டில் ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கிறது. அதற்கு அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கிறார். போதும் அண்ணா.

ஆயா, இப்போது உங்களுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று பேத்தி சொன்னாள். புத்தகம் வந்ததும் மத்தியானத்தில் வருகிறேன். அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வெற்றிலை நான் வாங்கி வருகிறேன்.