ஆய்விதழ்கள் நூலகத்துக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவது குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் பல, கட்டணம் செலுத்தினால்தான் முழுமையாகத் திறக்கின்றன. அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வும் இதற்கு விலக்கல்ல என்பதே வேதனை.

மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2025 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் தருகிறது என்றாலும், அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்குமே உரியது. கிராமத்தில் தனியாக மருத்துவம் பார்ப்பவருக்கு வழியில்லை. மாவட்ட மைய நூலகக் கணினிகளிலாவது இந்தச் சந்தாவை இணைக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பென்னாகரம்.