அம்மா அனுப்பிய பேப்பர் துண்டு

லைப்சிக்,
ஏப்ரல் 12.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். நீயும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அப்பா பக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியாது என்றுதானே நாலு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்தாய். அதனால் நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆறுதலுக்காக எதையாவது எழுதிவிடக் கூடாது, படித்துப் பார்த்து, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

உடம்பு நன்றாக இருக்கிறது. குளிர் இன்னும் முழுசாகப் போகவில்லை. போன வாரம்கூட காலையில் கொஞ்ச நேரம் பனி தூவியது. நீ கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் அக்டோபரிலிருந்து பாட்டிலுக்குள் கட்டியாகவே கிடக்கிறது. ஸ்பூனால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைக்கிறேன். வீடு மாறியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். பழைய வீடு ஆய்வகத்துக்குத் தூரம், அவ்வளவுதான். இது ஒற்றை அறை என்றாலும் ஒருத்திக்குத் தாராளம்.

கீழ் வீட்டுப் பாட்டி இப்போது என்னோடு ராசியாகிவிட்டார். நான் வந்த புதிதில் பெருங்காய வாசனை மாடி முழுக்க வருகிறது என்று கதவைத் தட்டியவர். மாடிப்படி துடைக்கும் முறை எனக்கு வந்தால் ஒரு சின்னப் பலகையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். போன சனிக்கிழமை அதே கைப்பிடியில் ஒரு கட்டு கீரை தொங்கியது. இந்த ஊருக்கு நடுவிலேயே ஆற்றங்கரைக் காடு ஒன்று இருக்கிறது. இந்த மாதத்தில் அந்தக் காடு முழுக்கப் பூண்டு வாசனை. தரையெல்லாம் பச்சைப் பசேலென்று ஒரு இலை முளைத்துக் கிடக்கும். கரடிப் பூண்டு என்று இவர்கள் மொழியில் பெயர். இதே மாதிரி இலையில் விஷச் செடி ஒன்றும் உண்டாம். பாட்டி மேலே வந்து, ஒவ்வொரு இலையாகக் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். உளுந்தும் மிளகாய் வற்றலும் வறுத்து, புளி வைத்துத் துவையல் அரைத்தேன். அம்மா, நம் பூண்டுத் துவையலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு நாள் அதையே சோற்றில் போட்டுச் சாப்பிட்டேன். பாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

நாலாக மடித்து, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு அந்தப் பேப்பர் துண்டை வைத்திருந்தாய். இந்தியர்களில் பாதிப் பேருக்குப் பழைய குகை மனிதனின் மரபணு இருக்கிறது, அதனால்தான் கொரோனா முற்றியது என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தது: "தம்பி போனது அந்த ரத்தத்தாலயா, இல்ல நான் ஆச்சி தெவசத்துக்கு வா வான்னு கூப்பிட்டதாலயா, நீயாவது சொல்லு."

ஐந்து வருஷமாக இதை மனசில் வைத்திருந்தாயா அம்மா?

பேப்பரில் வந்தது பொய் இல்லை, ஆனால் பாதிதான். 2020 செப்டம்பரில் ஹூகோ ஸெபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற இருவர் எழுதிய ஆய்வு அது. பேபோ இந்த ஊர்க்காரர் மாதிரிதான். 2022இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் அவரைத் தூக்கிக் குளத்தில் போட்ட படத்தைத் தங்கச்சி செல்விக்கு அனுப்பியிருந்தேனே, அவர்தான். நியாண்டர்தால் என்று நமக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி ஒரு மனித இனம் இருந்தது. சுமார் 60,000 வருஷத்துக்கு முன்னால் நம் முன்னோர்கள் அவர்களோடு கலந்தார்கள். அப்படி வந்த ஒரு துண்டு நம் மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. ஏறத்தாழ 50,000 டிஎன்ஏ எழுத்து நீளம். குரோவேஷியாவில் விண்டியா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்பில் இருந்ததும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தெற்காசியாவில் பாதிப் பேரிடம் இருக்கிறது, ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம். இது இருப்பவர்களுக்குக் கொரோனா வந்தால் முற்றும் வாய்ப்பு 1.6 மடங்கு என்று கண்டார்கள்.

இப்போது யோசித்துப் பார். பாதிப் பேர் என்றால், ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஐம்பது பேர் வந்தால் இருபத்தைந்து பேருக்கு அது இருக்கும். உனக்கு இருக்கலாம், எனக்கு இருக்கலாம், கொரோனா வந்து பத்தே நாளில் எழுந்து வயலுக்குப் போன பால்கார அண்ணாச்சிக்கும் இருக்கலாம். மாமாவுக்கு இருந்ததா என்று யாரும் பார்க்கவே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று அந்தப் பேப்பரில் இல்லை. ஹைதராபாத்தில் தங்கராஜ், வாரணாசியில் ஞானேஷ்வர் சௌபே ஆகியோரின் குழு 2021இல் தெற்காசிய மக்களை வைத்தே பார்த்தது. இந்தத் துண்டு அதிகமாக உள்ள இடங்களில் நோயோ சாவோ அதிகமாக இருக்கவில்லை, இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை என்று எழுதினார்கள். இதே துண்டு இருப்பவர்களுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றுவது 27 சதவீதம் குறைவு என்று 2022இல் அதே ஸெபெர்க் கண்டுபிடித்தார். பன்னிரண்டாம் குரோமோசோமில் வேறொரு நியாண்டர்தால் துண்டு கொரோனாவிலிருந்து காக்கவே செய்கிறது. ஆச்சியிடமிருந்து நகையும் வந்தது, கடனும் வந்தது என்கிற மாதிரிதான் அம்மா இது. மாமா வீட்டு ரத்தத்தில் கோளாறு என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதே. அவர் பிள்ளை முத்துவின் காதில் அது விழக் கூடாது.

அடுத்தது உன் கேள்வியின் இரண்டாம் பாதி. இதற்காகத்தான் என் பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டேன். ஆச்சி தெவசத்தன்று செல்வி அனுப்பிய படங்கள் அதில் இருக்கின்றன. தேதி 2021 ஏப்ரல் 11, ஞாயிற்றுக்கிழமை. மாமா திண்ணையில் உட்கார்ந்து இலை துடைக்கிறார். காய்ச்சல் என்று மாமா என்னிடம் முதலில் சொன்னது மே 5. முந்தின நாள் ராத்திரிதான் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நடுவில் இருபத்து மூன்று நாள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 181 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். கிருமி தொற்றி நோய் அறிகுறி வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் ஐந்து நாளிலேயே அது வந்துவிடுகிறது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குப் பன்னிரண்டு நாளுக்குள். தெவசத்துக்கு வந்த வேறு யாருக்காவது அந்த ஏப்ரலில் காய்ச்சல் வந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. மாமா தினமும் லோடு ஆட்டோவில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். உன் வீட்டுச் சோற்றில் அது வரவில்லை அம்மா. நாள் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இதை நான் உன் மகளாகச் சொல்லவில்லை, இந்த வேலை பார்க்கிறவளாகச் சொல்கிறேன்.

மாமாவுக்கு அப்போது 43 வயது. ஏப்ரலில் ஊசி 45 வயதுக்கு மேலே உள்ளவர்களுக்குத்தான். மே மாதம் மற்றவர்களுக்கும் என்று அறிவித்தபோது மருந்து வந்து சேரவில்லை. எனக்கு ஆறாதது இந்த இரண்டு வயதுதான். நான் சென்னையில் விடுதிக்குள் அடைந்து கிடந்தேன், மே 10இலிருந்து முழு ஊரடங்கு. கடைசியாக ஒரு கைப்பிடி அரிசி போட முடியவில்லை.

இங்கே நான் பார்க்கும் வேலை என்ன என்று அத்தை கேட்டதாகச் சொன்னாயே. எலும்புத் தூளில் டிஎன்ஏ தேடுவது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரண்டு கையுறை, முகமூடி. நம் எச்சில் ஒரு துளி பட்டாலும் பத்தாயிரம் வருஷத்து ஆளுக்குப் பதில் நாம்தான் கணக்கில் வருவோம். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற துளைப்பானை மெதுவாக வைத்து, உள்காதைச் சுற்றி உள்ள எலும்பில் சுண்ணாம்புத் தூள் போலக் கொஞ்சம் எடுப்பேன், விரல் நுனியில் கொள்ளும் அளவு. வேலை முடிந்ததும் மேஜையெல்லாம் பிளீச்சால் துடைக்க வேண்டும். நாலு மணி நேரம் மூக்கு அரித்தாலும் தொட முடியாது. குளிர்ந்த ஊர் எலும்பில் அந்த எழுத்துகள் நிற்கும், சூட்டில் நிற்காது. ஹரியானாவில் ராக்கிகடி என்ற சிந்துவெளி ஊரில் 61 எலும்பைப் பார்த்ததில் ஒன்றே ஒன்றில்தான் டிஎன்ஏ கிடைத்தது, 2019இல் வந்த ஆய்வு அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை எலும்புகளில் தேடுகிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம், கிடைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன்.

எனக்கு எலும்பு பயம் போனதே மாமாவால்தான். ஆதிச்சநல்லூர் பரம்பில் சைக்கிளை நிறுத்தி, மண்ணில் தெரிந்த தாழி விளிம்பைக் காட்டி, "இதுக்குள்ள நம்ம பாட்டன் குத்தவச்சு இருக்கான் தாயி, கும்புட்டுக்கோ" என்பார். 1876இல் யாகோர் என்ற ஜெர்மன்காரர் அங்கே தோண்டி எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுவந்ததை அப்பா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார், போய்ப் பார்த்தாயா என்று. இங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். வேலை ஒழியவில்லை, கோடையில் போகிறேன் என்று சொல். இந்த மாதப் பணமும் ஒரு வாரம் தள்ளி வரும். வங்கியில் ஏதோ மாற்றுகிறார்கள், வேறொன்றும் இல்லை.

மாமாவின் குரல் அந்தப் பழைய போனில் இருக்கிறது. மே 5ஆம் தேதி அனுப்பியது. "நேத்து ராத்திரிலேருந்து லேசா காய்ச்சல் அடிக்கி தாயி, ஒண்ணுமில்ல, நீ சாப்டியா?" பதினோரு நொடி. போனுக்கு சார்ஜ் போட்ட அன்றைக்கு ராத்திரி எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன் மாமா என்று இந்த அறையில் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். நாளை மறுநாள் சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடியில் எனக்கும் ஒரு கரண்டி எடுத்து வை, காக்காய்க்குப் போட்டாலும் சரி. உன் மடியில் ஒரு அரை மணி நேரம் படுத்தால் போதும் போல இருக்கிறது.

செல்வி விஷயத்துக்கு வருகிறேன். முத்துவுக்குக் கொடுத்தால் வாய்க்கால் வயலும் வெளியே போகாது, தம்பி குடும்பத்துக்கும் ஒரு பிடிப்பு என்று எழுதியிருக்கிறாய். முத்து தங்கமான பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் என்றால் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு ஒன்று. நம் வீட்டில் ஆச்சியும் தாத்தாவுமே மாமன் மகள், அத்தை மகன். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்தார்கள். பிறவிக் குறை பொதுவாக நூற்றுக்கு மூன்று, நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் ஆறு என்று 2013இல் வெளியிட்டார்கள். மீதி தொண்ணூற்று நாலு பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. அதனால் கட்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பேச்சை எடுக்கும் முன் இரண்டு பேரும் மரபணு ஆலோசனை தரும் டாக்டரைப் பார்க்கட்டும். அதற்கும் முன்னால் செல்வியிடம் தனியாகக் கேள், அப்பா முன்னால் கேட்காதே. அவள் பி.எட். முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

வயலை இதோடு முடிச்சுப் போடாதே. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு அத்தை இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆச்சி பேரில் இருக்கும் அந்த நிலத்தில் உன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு. விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அத்தையும் முத்துவும் முடிவு செய்யட்டும். அப்பா கொஞ்சம் முனகுவார், சித்தப்பாவை விட்டுப் பேசச் சொல். எனக்கும் செல்விக்கும் அதில் ஒரு குறையும் இல்லை என்று நானே அப்பாவுக்குத் தனியாக எழுதுகிறேன். பத்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. ஜூனுக்குள் அனுப்பப் பார்க்கிறேன்.

இன்னொன்று. அத்தை பழைய போன்களைப் பாத்திரக்காரரிடம் போடப்போவதாகச் செல்வி சொன்னாள். மாமாவின் போனை மட்டும் போட வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல். ஸ்கிரீன் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. முத்துவிடம் கொடுத்து உள்ளே இருக்கும் குரலையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மூத்தவள்