உயிரியல் பாடநூல் ஆக்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வைரஸ் பாடத்தில் ஏற்பி (வைரஸ் பற்றிக்கொள்ளும் செல் மேற்பரப்புப் புரதம்) என்றதும் பூட்டும் சாவியுமாக ஒரு படம் வந்துவிடுகிறது; வைரஸ் உள்ளே நுழைந்ததும் ஏற்பியின் பேச்சும் நின்றுவிடுகிறது. நுழைந்தபின் அதே செல் மேற்பரப்பை வைரஸ் தனக்கேற்ப மாற்றியமைத்து நோயெதிர்ப்பிலிருந்து தப்பும் விதத்தையும் அடுத்த பதிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எச்.ஐ.வி. சிடி4 ஏற்பியைப் பற்றியே செல்லுக்குள் புகுகிறது என்பதை மாணவர்கள் படிக்கிறார்கள். புகுந்தபின் அதன் நெஃப் புரதம் மேற்பரப்பிலுள்ள சிடி4-ஐ உள்ளிழுத்து, செல்லின் செரிப்புப் பையான லைசோசோமுக்கு அனுப்புகிறது. புதிதாக உருவாகும் சிடி4-ஐ எச்.ஐ.வி.யின் இன்னொரு புரதமான விபியு, புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலையிலேயே அழிவுக்கு உள்ளாக்குகிறது. சிடி4 மேற்பரப்பில் தங்கினால் வைரஸின் உறைப் புரதம் அதனோடு பிணைந்து, மறைந்திருந்த பகுதிகளை எதிர்ப்பொருள்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைவிட நுட்பமானது மனித சைட்டோமெகலோ வைரஸின் வழி. செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை எம்எச்சி முதல் வகை மூலக்கூறுகள் மேற்பரப்பில் ஏந்திக் காட்டினால்தான் கொல்லி டி செல்கள் தொற்றை அறியும். 1974-இல் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் வெளியிட்டு, 1996-இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பின் சாரம் இதுவே. இந்த வைரஸின் யுஎஸ்2, யுஎஸ்11 புரதங்கள் அம்மூலக்கூறுகளை எண்டோபிளாச வலையிலிருந்து சைட்டோபிளாசத்துக்கு இழுத்துவந்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் சிதைய வைக்கின்றன. ஆனால் எம்எச்சி குறைந்த செல்லை இயற்கைக் கொல்லி செல்கள் தாக்கக்கூடும். அதற்கும் வைரஸிடம் ஏற்பாடு உண்டு: அக்கொல்லி செல்களைத் தூண்டும் எம்ஐசிபி போன்ற மூலக்கூறுகளை யுஎல்16 புரதம் செல்லுக்குள்ளேயே தடுத்துவைக்கிறது, எம்எச்சியின் சாயலில் அமைந்த யுஎல்18, எல்ஐஆர்-1 என்னும் அடக்கும் ஏற்பியோடு பிணைகிறது. எச்.ஐ.வி.யின் நெஃப் புரதமும் மனிதரின் எம்எச்சி முதல் வகை மூலக்கூறுகளில் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி ஆகியவற்றை அகற்றிவிட்டு, இயற்கைக் கொல்லி செல்களை அடக்கிவைக்கும் எச்எல்ஏ-சியைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

மேல்நிலை மாணவருக்கு இது கடினம் என்று சொல்லப்படலாம். நான் அப்படிக் கருதவில்லை. டி செல், இயற்கைக் கொல்லி செல் ஆகிய இரண்டும் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பாடத்தில் இல்லை. புரதப் பெயர்களை மட்டும் தயவுசெய்து ஒரு மதிப்பெண் வினாக்களாக்கிவிடாதீர்கள். வைரஸ் வகைப்பாட்டு அட்டவணையைச் சற்றுச் சுருக்கினால் இரண்டு பத்திகளுக்கும், தொற்றுக்கு முன்னும் பின்னும் ஒரே செல்லின் மேற்பரப்பைக் காட்டும் ஒரு படத்துக்கும் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்