அந்தமான் படங்களுக்குக் கீழே ஒரு வரி வேண்டும்

பழைய ஒளிப்படங்களைத் தேடியெடுத்துப் பகிரும் தமிழ் வரலாற்று ஆர்வலர்களுக்கு,

வணக்கம். ஒரு பழைய கோயில் படம் போட்டால் எடுத்தவர் பெயர், ஆண்டு, ஊர் என்று எல்லாம் எழுதுகிறீர்கள். அந்தமான் பழங்குடியினர் படம் என்றால் மட்டும் 'கற்கால மனிதர்கள்' என்று முடித்துவிடுகிறீர்கள். ஏன்?

1890களின் படங்களில் பலவற்றை எடுத்தவர் மாரிஸ் விடால் போர்ட்மன். அந்தமானியர்களை மேற்பார்வையிட ஆங்கிலேய அரசு அமர்த்திய அதிகாரி. 1880இல் வட சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துவந்தவரும் இவரே. பெரியவர்கள் இருவரும் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப்பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். 1896இல் அவர் எழுதிய கட்டுரை, ஆட்களை ஆடையின்றி நிறுத்தி, இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த திரையைத் தொட்டபடி முன்புறமும் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்கிறது. உடலை அளவெடுக்கத்தான். வில் செய்வதைக்கூடப் படிப்படியாக நிறுத்தி நிறுத்தித்தான் எடுத்தார். அந்தத் தொழில்நுட்பம் பதிவானது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை 'இயல்பான அன்றாட வாழ்க்கை' என்று போடலாமா?

அப்புறம் அந்தப் படங்களில் வரும் குடில்கள். முன்தூண்கள் உயரம், பின்தூண்கள் குட்டை, மேலே சாய்ந்த இலைக்கூரை, சுவர் இல்லை. 'வீடு கட்டக்கூடத் தெரியாதவர்கள்' என்று கீழே யாராவது எழுதிவிடுகிறார்கள். 'பெரிய அந்தமானியர்' என்ற பழங்குடியினரின் ஊரில் இந்தக் குடில்கள் நடுவிலுள்ள நடனக்களத்தைப் பார்த்தபடி சுற்றி நிற்கும். குடும்பத்துக்கு ஒன்று, மணமாகாத இளைஞர்களுக்குத் தனியே ஒன்று. ஒரு குடிலை மட்டும் வெட்டியெடுத்த படத்தில் இது எப்படித் தெரியும்? லிட்டில் அந்தமான் தீவில் ஓங்கே பழங்குடி மக்கள் வட்டமான பெரிய வீட்டையே கட்டினார்கள். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ், ஓரமாக அவரவர் படுக்கைப் பரண், மேலே வேட்டையாடிய பன்றிகளின் மண்டையோடுகள்.

படம் எடுத்த காலமும் முக்கியம். 1863 முதல் போர்ட் பிளேரில் பழங்குடியினரைத் தங்கவைக்க ஆங்கிலேயர் நடத்திய 'அந்தமான் இல்லங்கள்' வழியாக மேகநோய் (சிபிலிஸ்) பரவியது. 1877இல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர், 1961இல் 19 பேர். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஸ்ட்ரெயிட் தீவில் இருக்கிறார்கள். நீங்கள் பகிர்வது அவர்களுடைய பாட்டன் பாட்டி படமாகவும் இருக்கலாம்.

ஆகவே எடுத்தவர், ஆண்டு, எந்த மக்கள் என்பதைத் தெரிந்தவரை எழுதுங்கள். கண்ட படத்துக்கெல்லாம் சென்டினல் என்று பெயர் வைக்காதீர்கள். கட்டத்திரைப் படங்களை விட்டுவிடுங்கள். அந்தமான் நெடுஞ்சாலையில் கைப்பேசியில் எடுத்த ஜாரவா பழங்குடியினரின் காணொளிகள் உங்கள் பக்கத்தில் இருந்தால் இன்றே நீக்குங்கள். அவர்களைப் படம்பிடிப்பது சட்டப்படி குற்றம்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்