சாந்தில்லாக் கல்கட்டுக்கும் மானியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய குடில்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை, காங்கயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்து ஆடு வளர்த்துவரும் நான் இரண்டு முறை படித்தேன். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், 2,456 மீட்டர் உயரமுள்ள இடா மலைக்குக் கோடையில் மந்தையோடு ஏறுபவர்கள் தங்கிப் பாலாடைக்கட்டி செய்த ‘மிதாத்தோ’வும் இந்த வகையே. வட்டமாக எழும் சுவரின் ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிடச் சற்று உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போவதால் வாய் குறுகி, உச்சியில் புகைபோக ஒரு துளை மட்டுமே மிஞ்சும். கூரைக்கு ஒரு மரமும் வேண்டியதில்லை.

எங்கள் காட்டில் உள்ள சாளைக்கு, அதாவது குடிசைக்கு, கூரை பனையோலைதான். ஆனால் சாளைச் சுவரும் ஆட்டுப்பட்டியின் சுவரும் என் பாட்டனார் அடுக்கிய கல்கட்டு. இரண்டு கல் சேரும் இடத்தின்மேல் மூன்றாவது கல் ஏறி உட்கார வேண்டும். சுவரின் இரு முகங்களையும் பிணைக்க இடையிடையே நீளக்கல்லைக் குறுக்கே போட வேண்டும். ஆடுகிற கல்லுக்குச் சில்லு செருக வேண்டும். வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் கல்லை மட்டும் அடிவரியில் வைக்க அவர் விடமாட்டார், பிடிப்பிராது என்பார்.

இவ்வளவும் கேட்டு வளர்ந்த நானே, இடுக்கில் பாம்பு அடைகிறது என்று, மேட்டுப்புறத்து மண்ணை அணைத்து நிற்கும் பட்டிச் சுவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் சிமெண்ட் பூசினேன். அதுவரை இடுக்குகள் வழியே வடிந்துகொண்டிருந்த மழைத்தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி, ஓரிரவில் குட்டிகளை அடைக்கும் கொடாப்பின்மேல் சரிந்தது. நான்கு குட்டிகள் செத்தன. பூசாமல் விட்ட வடபுறச் சுவரில் ஒரு கல்கூட நகரவில்லை. சரிந்த இடத்தை இன்றுவரை முள்ளை வெட்டிப் போட்டுத்தான் அடைத்திருக்கிறேன்.

சாந்தின்றிக் கல்லடுக்கும் அறிவையும் முறைகளையும் யுனெஸ்கோ 2018-இல் எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் மேலும் ஐந்து நாடுகள் அதில் இணைந்தன. பட்டியலில் பெயர் ஏறுவது எங்களுக்குப் பெரிதில்லை. ஆட்டுக் கொட்டகைக்கு மானியம் கேட்டுப் போனால் கான்கிரீட் தூணுக்கும் தகரக் கூரைக்கும் மதிப்பீடு போடுகிறார்கள்; இடிந்த கல்கட்டைத் திரும்ப அடுக்கக் கேட்டபோது, அதற்கு நிதி ஒதுக்கும் தலைப்பே கிடையாது என்று சொல்லி என் மனுவைத் திருப்பிவிட்டார்கள். கல் காட்டிலேயே கிடக்கிறது, செலவெல்லாம் ஆள்கூலிதான். எங்கள் ஊரில் அடுக்கத் தெரிந்தவர்கள் இருவரே, இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. இளவட்டங்கள் நான்கைந்து பேரை அவர்களோடு வேலைக்கு நிறுத்திக் கூலி கொடுக்க, கொட்டகை மானியத்திலோ ஊரக வேலைத் திட்டத்திலோ இடம் ஒதுக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் சித்திரையில் அவ்விருவரில் ஒருவரை வைத்து என் பட்டிச் சுவரைக் கைக்காசில் அடுக்கப் போகிறேன். கால்நடைத் துறையினர் யாராவது வந்து, எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை முழம் சுவர் என்று எழுதிக்கொண்டு போனால், மதிப்பீடு போட அந்தக் கணக்கே போதும்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருவர்,
காங்கயம் வட்டம்.