டிஎஸ்ஹெச் சரி, ஃபெரிட்டின்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்ஹெச் அளவு, 9.2 இருந்தது 2.6-க்கு இறங்கிவிட்டது. ஆனால் சோர்வு மட்டும் போகவில்லை. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குவேன். "அதான் ரிப்போர்ட் நார்மலா இருக்கே" என்றே எல்லோரும் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 12.1 இருந்ததால் இரும்புச்சத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அப்புறம் வேறொரு மருத்துவர், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொன்னார். வெறும் 9! பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே உடம்பில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஹீமோகுளோபின் கைச்செலவுப் பணம் என்றால், ஃபெரிட்டின் பெட்டியில் வைத்த சேமிப்பு. பெட்டி காலியான பிறகும் கொஞ்ச நாள் கைச்செலவு ஓடத்தான் செய்யும். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும், அதையும் கவனிக்க வேண்டும்.

இரும்பு மாத்திரை தொடங்கியதும் இன்னொரு தொல்லை. காலையில் இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன். டிஎஸ்ஹெச் மறுபடி 6.4. இரும்பு, தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது, 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே! இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றி, 8 வாரம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்ஹெச் 2.8.

மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அந்த ஒரு வரியைச் சொல்லியே கொடுக்க வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கத்திலும் இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி